புறாவால் வெட்டு: மேசை டிராயரில் இருந்து பிஸ்டல் வரை

பழைய தேக்கு மேசை ஏதாவது வீட்டில் இருந்தால், அதன் டிராயரை முழுவதுமாக வெளியே இழுத்து மூலையைக் கவனித்துப் பாருங்கள். ஆணி இருக்காது. ஒரு பலகையின் நுனி விசிறி போல விரிந்து, இன்னொரு பலகையில் அதே வடிவத்தில் வெட்டிய பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும். முன்பக்கமாக எவ்வளவு இழுத்தாலும் பிரியாது. பக்கவாட்டில் தட்டினால் மட்டும் கழன்று வரும். இதற்குப் பெயர்தான் டவ்டெயில். தமிழில் புறாவால் இணைப்பு.

ஆங்கிலேயருக்கு இது புறாவின் வால். பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் இத்தாலியரும் இதையே தங்கள் மொழியில் தகைவிலானின் வால் என்கிறார்கள். பறவை எதுவானாலும் தத்துவம் ஒன்றுதான். அடியில் அகலம், மேலே குறுகல். உள்ளே போனது மேலே வராது.

மரத்தில் பிறந்த இந்த வடிவம் பின்னால் கல்லுக்குப் போனது, இரும்புக்குப் போனது, கடைசியில் கைத்துப்பாக்கியின் முதுகில் ஒரு விரல்நுனி அகலத்தில் போய் உட்கார்ந்தது. அந்தச் சின்னப் பள்ளத்தை ஒழுங்காக வெட்டக் கற்றுக்கொள்ள இன்றும் ஆட்கள் வாரக்கணக்கில் பழைய இரும்புத் துண்டுகளை வீணாக்குகிறார்கள். ஏன் அப்படி? அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மரமும் கல்லும்

பழங்கால எகிப்தின் கல்லறைகளில் கிடைத்த மரச் சாமான்களிலேயே புறாவால் இணைப்பு இருக்கிறது. நல்ல மரம் அரிதான நாடு அது. சின்னச் சின்னப் பலகைகளைச் சேர்த்துப் பெரிய பெட்டி செய்ய வேண்டும். அதற்கு இந்த இணைப்பு கை கொடுத்தது. கல் கட்டடங்களிலும் பக்கத்துப் பக்கத்துக் கற்களில் பள்ளம் வெட்டி, இரண்டு வால்களை முதுகோடு முதுகு ஒட்டியது போன்ற கட்டையையோ உலோகத்தையோ அதில் இறக்கிப் பிணைத்தார்கள்.

கல்லில் இதன் உச்சம் என்று சொல்லத் தக்கது இங்கிலாந்தின் தென்மேற்கே, பிளிமத் துறைமுகத்துக்கு அப்பால் கடலில் நிற்கும் எடிஸ்டோன் பாறையில் கட்டிய கலங்கரை விளக்கம். அந்தப் பாறையில் முதலில் கட்டிய விளக்கத்தை 1703-ல் வந்த பெரும்புயல் அடித்துக்கொண்டு போனது. கட்டிய ஹென்றி வின்ஸ்டன்லியும் அன்று அதற்குள்ளேதான் இருந்தார். அடுத்து வந்தது மரத்தாலானது, 1755-ல் தீக்கிரையானது. மூன்றாவதாக ஜான் ஸ்மீட்டனை அழைத்தார்கள்.

ஸ்மீட்டன் ஒவ்வொரு கல்லையும் பக்கத்துக் கல்லோடு புறாவால் வடிவத்தில் கோத்தார். அடி வரிசைக் கற்களைப் பாறையிலேயே வெட்டிய பள்ளங்களில் கோத்தார். 1759 அக்டோபரில் விளக்கு எரிந்தது. நூறு வருஷத்துக்கும் மேலாக அலை அதை அசைக்கவில்லை. கடைசியில் 1877-ல் அதைக் கைவிட முடிவு செய்தபோது தேய்ந்துபோயிருந்தது கோபுரம் இல்லை, அதைத் தாங்கிய பாறை! அதன் மேல்பகுதியைப் பிரித்துக் கரைக்குக் கொண்டுவந்து பிளிமத்தில் மறுபடி நிறுத்தினார்கள். இன்றும் அங்கே நிற்கிறது.

துப்பாக்கிக்கு இது எதற்கு?

துப்பாக்கியில் குறி பார்க்க இரண்டு பாகங்கள் உண்டு. குழலின் நுனியில் ஒரு சின்ன முள், அது முன்குறி. கண்ணுக்கு அருகில் நடுவில் வெட்டு வைத்த ஒரு தகடு, அது பின்குறி. புழக்கத்தில் இரண்டையும் ‘சைட்’ என்றே சொல்வார்கள். பின்குறியின் வெட்டுக்குள் முன்குறி நடுவாகத் தெரியும்படி பிடித்துச் சுட வேண்டும்.

இந்தப் பாகத்துக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு தேவைகள். ஒவ்வொரு முறை சுடும்போதும் வரும் அதிர்ச்சியில் அது இம்மிகூட நகரக் கூடாது. ஆனால் குண்டு இடப்பக்கமோ வலப்பக்கமோ விலகிப் போனால் சரிசெய்ய நகர்த்தவும் முடிய வேண்டும். பற்றவைத்தால் நகராது. திருகாணி போட்டால் நாளடைவில் தளரும். புறாவால் பள்ளம் இரண்டையும் ஒரே நேரத்தில் தருகிறது. குழலுக்குக் குறுக்கே பள்ளத்தை வெட்டி, சைட்டின் அடியை இறுக்கமாக உள்ளே தட்டிவிட்டால், மேலேயும் வராது, முன்னும் பின்னும் போகாது. பித்தளைப் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் தட்டினால் மட்டும் இடமோ வலமோ நகரும். திருகாணி வேண்டாம், பசை வேண்டாம். உராய்வு ஒன்றே பிடிமானம்.

எவ்வளவு நுட்பமான விஷயம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. எம்1911 என்ற புகழ்பெற்ற அமெரிக்கப் பிஸ்டலில் முன்குறிக்கும் பின்குறிக்கும் உள்ள தூரம் சுமார் 165 மி.மீ. பின்குறி 0.1 மி.மீ. நகர்ந்தால், அதாவது ஏறத்தாழ ஒரு காகிதத்தின் தடிமன், 25 மீட்டர் தள்ளி குண்டு 15 மி.மீ. விலகும். (25,000-ஐ 165-ஆல் வகுத்து 0.1-ஆல் பெருக்கிப் பாருங்கள்.) பள்ளம் தொளதொளவென்று இருந்தால் சைட் ஒவ்வொரு வெடிக்கும் ஒவ்வோர் இடத்தில் நிற்கும். மிகவும் இறுக்கமாக இருந்தால் தட்டி ஏற்றும்போது சைட் நசுங்கும்.

அரத்தின் காலம்

18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா, வர்ஜீனியா பகுதிகளில் ஜெர்மானிய வழிவந்த கொல்லர்கள் நீண்ட குழல் கொண்ட வேட்டைத் துப்பாக்கிகளைச் செய்தார்கள். குழல் மிருதுவான அடி இரும்பு. முன்குறி பெரும்பாலும் வெள்ளி அல்லது பித்தளைத் தகடு. அதற்கான புறாவால் பள்ளத்தை உளியால் செதுக்கி அரத்தால் ராவினார்கள்.

வேலை நடக்கும் விதம் இதுதான். முதலில் ரம்பத்தால் பள்ளத்தின் அளவுக்குச் சில கோடுகள் இறக்குவார்கள். நடுவில் நிற்பதை உளியால் தட்டி எடுப்பார்கள். பிறகு முக்கோண அரத்தால் இரண்டு ஓரங்களையும் அடியில் குடைந்து உள்நோக்கிச் சரிப்பார்கள். இங்கேதான் ஒரு தந்திரம். அந்த அரத்தின் ஒரு முகத்தைச் சாணையில் தேய்த்துப் பல் இல்லாமல் ஆக்கிவைத்திருப்பார்கள். அப்படிச் செய்தால் சரிவான ஓரத்தை ராவும்போது பள்ளத்தின் அடித்தளம் தேயாது. ஆழம் அப்படியே இருக்க, அகலம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். இந்த அரம் இன்றைக்கும் துப்பாக்கி பழுது பார்ப்பவர்களின் மேசையில் உண்டு. இருநூறு வருஷத்தில் அதற்கு மாற்று வரவில்லை!

இப்படி ஒரு துப்பாக்கி முழுவதையும் கையாலேயே செய்யும் வேலையை வர்ஜீனியாவின் கலோனியல் வில்லியம்ஸ்பர்க் அருங்காட்சியகம் 1969-ல் ஆவணப் படமாக எடுத்தது. அதன் துப்பாக்கிக் கொல்லர் வாலஸ் கஸ்லர் இரும்புப் பட்டையில் தொடங்கி முழுத் துப்பாக்கி வரை செய்து காட்டினார். அதற்குள் அந்தக் கைத்தொழில் ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது. எதனால் மறைந்தது?

மில்லிங் மெஷின் வருகிறது

பல் வைத்த சக்கரம் சுழல, அதன் அடியில் இரும்பை நகர்த்தினால், நூறு அரம் செய்யும் வேலையை ஒரு சக்கரம் செய்துவிடும். மில்லிங் மெஷினின் அடிப்படை அவ்வளவுதான். இதைக் கண்டுபிடித்தவர் எலி விட்னி என்று பழைய பாடப் புத்தகங்களில் இருக்கும். 1818 என்று ஆண்டுகூடப் போட்டிருப்பார்கள். ஆனால் 1960-க்குப் பிறகு வந்த வரலாற்றாய்வாளர்கள் இதைச் சந்தேகித்தார்கள். விட்னியின் துப்பாக்கிகளைக் கழற்றிப் பார்த்தபோது, ஒன்றின் பாகம் இன்னொன்றில் பொருந்தவில்லை. அவருடையது என்று காட்டப்பட்ட மெஷினும் 1825-ல் அவர் இறந்த பிறகு செய்யப்பட்டதாக இருக்கலாம் என்றார்கள்.

உண்மையில் இது ஒருவர் கண்டுபிடித்ததல்ல. கனெக்டிகட் மாநிலத்தில் சிமியோன் நார்த் என்பவர் 1813-ல் அமெரிக்க அரசுக்கு 20,000 பிஸ்டல்கள் செய்து தர ஒப்பந்தம் போட்டார். ஒரு பிஸ்டலின் விசைப் பாகங்கள் மற்ற எந்தப் பிஸ்டலிலும் பொருந்த வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. அரத்தால் ராவி இதைச் சாதிக்க முடியாது. மில்லிங் மெஷினின் ஆரம்ப வடிவங்கள் அவருடைய பட்டறையைச் சுற்றித்தான் உருவாயின.

அடுத்தது ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி. அன்றைய வர்ஜீனியாவில், இன்றைய மேற்கு வர்ஜீனியாவில் இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை. 1820-களில் அங்கே ஜான் ஹால் தன் ரைபிளுக்காகத் தனிப் பட்டறை வைத்தார். அறுபதுக்கும் மேற்பட்ட கேஜ்களை, அதாவது அளவு பார்க்கும் அச்சுகளை வைத்து ஒவ்வொரு பாகத்தையும் சோதித்தார். பாகங்கள் ஒன்றுக்கொன்று நிஜமாகவே மாறிப் பொருந்தின.

ஆனால் அதே ஊரின் பெரிய தொழிற்சாலையில் கதை வேறு. அங்கிருந்த தொழிலாளிகள் கைத்திறனில் வளர்ந்தவர்கள். தாங்கள் வைத்ததே நேரம் என்று வந்து போனவர்கள். ஒழுங்கைக் கடுமையாக்கிய கண்காணிப்பாளர் தாமஸ் டன் என்பவரை 1830-ல் ஒரு தொழிலாளி அவருடைய அலுவலகத்திலேயே சுட்டுக் கொன்றார். சுட்டவர் தூக்கில் தொங்கினார். ஆனால் ஊரில் பலருக்கு அவர் வீரராகத் தெரிந்தார். 1842-ல் தொழிற்சாலையில் கடிகார நேரம் கட்டாயமானபோது தொழிலாளிகள் வேலையை நிறுத்திவிட்டு, கால்வாயில் படகு பிடித்து வாஷிங்டனுக்குப் போய் ஜனாதிபதி ஜான் டைலரையே சந்தித்தார்கள். அவர் ஆறுதலாகப் பேசினார், திரும்பிப் போய் வேலையைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அவ்வளவுதான்.

கொலையை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அந்தத் தொழிலாளிகளின் பயம் வெறும் சோம்பேறித்தனம் அல்ல. பத்து வருஷம் பழகிய கை, சக்கரத்துக்கு முன் திடீரென்று விலையிழந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது நடக்கவும் செய்தது.

அதன் பிறகு மெஷின்கள் வேகமாக வளர்ந்தன. வெர்மான்ட் மாநிலத்தில் ராபின்ஸ் அண்ட் லாரன்ஸ் பட்டறையில் ஃபிரெடெரிக் ஹவ் 1848 வாக்கில் உறுதியான மில்லிங் மெஷினைச் செய்தார். அந்தப் பட்டறையின் ரைபிள்களை 1851 லண்டன் கண்காட்சியில் பார்த்த ஆங்கிலேயர் அசந்துபோய், பின்னால் தங்கள் என்ஃபீல்ட் தொழிற்சாலைக்கு அமெரிக்க மெஷின்களையே வாங்கினார்கள். அதே ஹவ் பின்னர் வேறொரு கம்பெனியில் இருந்தபோது, டிரில் பிட்டின் முறுக்குப் பள்ளத்தைக் கையால் ராவுவது பெரும்பாடாக இருக்கிறது என்று ஜோசப் பிரவுனிடம் போய் நின்றார். அதன் விளைவு 1862-ல் வந்த யுனிவர்சல் மில்லிங் மெஷின். பல்லைத் தீட்டினாலும் வடிவம் மாறாத கட்டரையும் பிரவுன் 1864-ல் கொண்டுவந்தார். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் குறிப்பிட்ட வடிவத்தில் பள்ளம் வெட்டும் எவருக்கும், நூறாவது பள்ளமும் முதல் பள்ளம் போலவே வருவதற்கு இதுதான் வழி திறந்தது.

துப்பாக்கிக் குழலின் புறாவால் பள்ளமும் உளியிடமிருந்து கட்டரிடம் போனது. அமெரிக்க ரைபிள்களில் முக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது 0.375 அங்குல அகலம், 60 டிகிரி சரிவு என்பது ஏறக்குறைய பொது அளவாகவே ஆகிவிட்டது. கடையில் சைட் வாங்கி வந்து தட்டினால் பொருந்த வேண்டும். நார்த்தின் ஒப்பந்த நிபந்தனை இப்படித்தான் வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தது.

புறாவாலின் மேல் நிற்கும் மெஷின்

இதில் ஒரு வேடிக்கை உண்டு. புறாவால் பள்ளத்தை வெட்டும் மில்லிங் மெஷினே புறாவால்களின் மேல்தான் நிற்கிறது. அதன் மேசை இடம் வலமாகவும் முன் பின்னாகவும் நகர்வது பெரிய புறாவால் தடங்களில். உங்கள் கல்லூரி ஒர்க்ஷாப்பில் இருக்கும் பழைய மில்லிங் மெஷினின் மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தால் தெரியும். தேய்மானத்தால் ஆட்டம் வந்தால் இறுக்குவதற்கு ‘கிப்’ என்ற மெல்லிய ஆப்புப் பட்டை ஒரு பக்கம் செருகியிருக்கும்.

அப்படியானால் முதல் புறாவால் தடத்தை எந்த மெஷின் வெட்டியது? எதுவுமில்லை. கைதான். ஆரம்பத்தில் தட்டையான பரப்பை உளியாலும் அரத்தாலும் ஸ்கிரேப்பராலும்தான் உண்டாக்கினார்கள். 1840-ல் கிளாஸ்கோவில் ஜோசப் விட்வொர்த் இதைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். மூன்று தகடுகளை மாறி மாறி ஒன்றின் மேல் ஒன்று வைத்து, மை ஒட்டும் மேடுகளை மட்டும் சுரண்டிக்கொண்டே போனால் மூன்றும் உண்மையான சமதளமாகும். இரண்டு தகடு மட்டும் வைத்தால் ஒன்று குழியாகவும் மற்றது மேடாகவும் ஆகி ஏமாற்றிவிடும். மூன்றாவது தகடு அந்தப் பொய்யைக் காட்டிக்கொடுக்கும். எவ்வளவு எளிமை!

ஆக, கையை வீட்டுக்கு அனுப்பிய மெஷினின் துல்லியம் ஒரு கையின் சுரண்டலில் இருந்துதான் வந்தது.

20-ஆம் நூற்றாண்டில் இந்த மெஷின் சின்னப் பட்டறைக்கும் வந்தது. ருடால்ஃப் பானோ, மாக்னஸ் வால்ஸ்ட்ரோம் என்ற இரண்டு ஸ்வீடன்காரர்கள் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் செய்த மெஷின் 1938-ல் விற்பனைக்கு வந்தது. தலைப்பகுதியை வேண்டிய பக்கம் திருப்பலாம், விலையும் தாங்கக்கூடியது. லட்சக்கணக்கில் விற்றது. தனி ஒருவர் தன் ஷெட்டில் வைத்துக்கொண்டு பிஸ்டலில் பள்ளம் வெட்டும் காலம் அதன் பிறகு வந்ததுதான்.

எம்1911-ன் முதுகில்

ஜான் பிரவுனிங் வடிவமைத்த எம்1911 பிஸ்டலை அமெரிக்க ராணுவம் 1911 மார்ச் 29-ல் ஏற்றுக்கொண்டது. சோதனையில் 6,000 ரவுண்டு தடையில்லாமல் சுட்டது என்பது அதன் புகழ். 1985 வரை அதுவே ராணுவத்தின் பிரதான பிஸ்டல். மொத்தம் சுமார் 27 லட்சம் அரசுக்காகச் செய்யப்பட்டன.

எல்லாம் நன்று, சைட்டைத் தவிர. பின்குறி மேலே நகரும் ‘ஸ்லைடு’ பாகத்தில் ஒரு புறாவால் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். முன்குறியோ ஒரு சின்ன ஓட்டையில் காலை நுழைத்து உள்பக்கம் தட்டி விரித்தது. இரண்டுமே மிகச் சிறியவை. மங்கலான வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. போட்டிகளில் சுடுபவர்கள் பெரிய முன்குறி வைத்தால், அந்தச் சின்னக் கால் அதிர்ச்சி தாங்காமல் கழன்று பறந்துவிடும்.

இதற்குத் தீர்வு முன்பக்கமும் புறாவால் வெட்டுவதுதான். இரண்டாம் உலகப்போருக்குப் பின் இலக்குச் சுடும் போட்டிகள் பெருகின. 1976-ல் ஐபிஎஸ்சி என்ற உலக அமைப்பு உருவாகி, ஓடியும் திரும்பியும் சுடும் போட்டிகள் பரவின. எம்1911-ஐத் திருத்தித் தருவது ஒரு தனித் தொழிலாகவே ஆனது. 1980-களில் மேற்கு வர்ஜீனியாவின் வெய்ன் நோவாக் உடையில் சிக்காதபடி தாழ்வாக, சரிவாக ஒரு பின்குறியைக் கொண்டுவந்தார். (ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி இருப்பதும் இதே மாநிலத்தில்தான் என்பது தற்செயல்.) அது அத்தனை பரவலானதால் ‘நோவாக் கட்’ என்பது ஒரு அளவின் பெயராகவே ஆயிற்று. அதன் முன்குறிப் பள்ளம் 0.330 அங்குல அகலம், 0.075 அங்குல ஆழம், 65 டிகிரி. ரைபிளின் 60 டிகிரிக் கட்டரை இதில் விட்டால் பொருந்தாது. ஐந்து டிகிரி வித்தியாசத்தில் ஒரு ஸ்லைடு பாழ்!

பழகுவது எப்படி, ஏன்?

சாதாரண மில்லிங்கில் தவறினால் இன்னொரு துண்டு எடுத்துக்கொள்ளலாம். ஸ்லைடில் தவறினால் எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. எனவே இந்த வேலையைக் கற்பவர்கள் முதலில் பழைய இரும்புக் கட்டைகளில் வரிசையாகப் பள்ளம் வெட்டிப் பழகுகிறார்கள். அப்படிப் பழகும்போது கை கற்றுக்கொள்ளும் பாடங்கள் சில:

ஒன்று, முழுப் பள்ளத்தையும் புறாவால் கட்டரிடம் விடக் கூடாது. முதலில் நேரான எண்ட் மில்லால் நடுப்பகுதியை எடுத்துவிட வேண்டும். புறாவால் கட்டரின் கழுத்து மெலிந்தது, பல்லின் நுனியோ ஊசி போன்றது. பாரம் ஏற்றினால் படக்கென்று ஒடியும்.

இரண்டு, பாதி வெட்டில் கட்டரை மேலே தூக்கக் கூடாது. நேரான கட்டராக இருந்தால் தூக்கலாம். புறாவால் கட்டர் அடியில் அகலமானது. தூக்கினால் பள்ளத்தின் உதடுகளைப் பிய்த்துக்கொண்டுதான் வரும். போன வழியிலேயே பக்கவாட்டில் வெளியே வர வேண்டும். புதியவர்கள் பதற்றத்தில் செய்யும் தவறு இதுதான். பழக்கம் இல்லாத கை முதலில் மேலே தூக்கத்தான் பார்க்கும்.

மூன்று, ஆழமும் இறுக்கமும் கட்டிப் பிணைந்தவை. அடி அகலம் மாறாமல் 60 டிகிரிப் பள்ளத்தை 0.1 மி.மீ. கூடுதல் ஆழமாக வெட்டினால், மேல் வாய் ஏறக்குறைய 0.115 மி.மீ. குறுகிவிடும். ஆழம் குறைந்தால் வாய் அகலும், சைட் ஆடும்.

நான்கு, அளப்பது. வெர்னியரின் அலகு உள்ளே சரிந்த மூலையில் போய் உட்காராது. அதனால் ஒரே அளவுள்ள இரண்டு உருளைக் கம்பிகளை இரண்டு மூலைகளிலும் வைத்து இடைவெளியை அளப்பார்கள். 60 டிகிரிக்கு, அந்த இடைவெளியோடு கம்பியின் விட்டத்தை 2.732-ஆல் பெருக்கிக் கூட்டினால் பள்ளத்தின் அடி அகலம் கிடைக்கும். பத்தாம் வகுப்பு முக்கோணவியல்தான். ‘இதெல்லாம் எங்கே உதவப் போகிறது’ என்று கேட்ட நண்பர்களுக்கு இது பதில்.

ஐந்து, கடைசிப் பொருத்தம் மெஷினில் இல்லை. பள்ளத்தை ஒரு நூலிழை சிறியதாக வெட்டி நிறுத்திவிட்டு, சைட்டின் அடியை அதே ஒரு பக்கம் பல் இல்லாத அரத்தால் ராவிப் பார்ப்பார்கள். கையால் தள்ளினால் மூன்றில் ஒரு பங்கு தூரம் உள்ளே போக வேண்டும். மீதிக்குச் சுத்தியல். இதுவே பல பட்டறைகளில் சொல்லும் கணக்கு. பென்சில்வேனியக் கொல்லரின் அரம் மறுபடி மேசைக்கு வந்துவிட்டது!

நம் ஊரில் பிஸ்டலில் இந்த வேலையை யாரும் வீட்டில் செய்து பார்க்க முடியாது. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் மாற்றவும் உரிமம் வேண்டும். ஆனால் புறாவால் வெட்டு மட்டும் நமக்கு அந்நியமல்ல. ஐடிஐ ஃபிட்டர் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். வைஸில் கட்டிய இரும்புத் தகட்டில் ஆண் பெண் இரண்டு பாகமாகப் புறாவால் ராவி, ஒன்றில் மற்றது செருகி, வெளிச்சத்தில் பிடித்து இடைவெளி தெரிகிறதா என்று பார்க்கும் பயிற்சி அவர்களுக்கு மறக்காது. மில்லிங் மெஷின் பத்து நிமிஷத்தில் செய்வதை ஏன் நாள்கணக்கில் ராவ வேண்டும் என்று அங்கேயும் மாணவர்கள் முணுமுணுப்பார்கள். மெஷினைக் கையாளும் கைக்கு இரும்பு எவ்வளவு விட்டுக்கொடுக்கும், எங்கே விட்டுக்கொடுக்காது என்று தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லித் தர வேறு வழி இதுவரை கிடைக்கவில்லை.

வெட்டினால் போவது

கடைசியாக ஒரு சங்கடம். நோவாக் பின்குறியைப் பழைய ராணுவ ஸ்லைடில் பொருத்தினால், புதிய வெட்டு பழைய பள்ளத்தை விழுங்கிவிடும். 1918-ல் ஏதோ ஒரு தொழிலாளி மெஷினில் நின்று வெட்டிய அந்தப் பள்ளம், அதைச் சோதித்த கேஜின் நினைவு, எல்லாம் சீவலாகத் தரையில் விழும். போருக்குப் பிறகு மலிவாகக் கிடைத்த ராணுவப் பிஸ்டல்கள் எத்தனையோ இப்படித் திருத்தப்பட்டன. அன்று அது தப்பாகத் தோன்றவில்லை. பழசு, எங்கும் கிடைப்பது, நன்றாகச் சுட்டால் போதும் என்று நினைத்தார்கள். 2018-ல் அமெரிக்க அரசின் கையிருப்பில் மீதியிருந்த எம்1911-கள் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தபோது, மாற்றம் எதுவும் செய்யாத ஒன்று கிடைக்காதா என்று சேகரிப்பாளர்கள் ஏங்கினார்கள். குறி நன்றாகத் தெரிய வேண்டும் என்பதும் நியாயம்தான். பழைய பொருள் ஒரு ஆவணம் என்பதும் நியாயம்தான். இரண்டும் அந்த ஒரு விரல்நுனி அகலத்தில் மோதுகின்றன.

அதனால்தான் நல்ல தொழிலாளி கட்டரை இறக்குவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்கிறார். ‘என்னால் வெட்ட முடியுமா?’ என்பது முதல் கேள்வி. அதற்குக் கழிவு இரும்பில் வெட்டிய ஐம்பது பள்ளங்கள் பதில் சொல்லும். ‘இதை வெட்டலாமா?’ என்பது இரண்டாவது. அதற்கு எந்த மெஷினும் பதில் சொல்லாது.

ஸ்மீட்டனின் கோபுரம் பாறை தேய்ந்த பிறகும் நின்றது. எகிப்தியத் தச்சனின் பெட்டி அவனுடைய ராஜ்யம் போன பிறகும் பிரியவில்லை. அவர்களும் ஏதோ ஒரு கழிவுத் துண்டில் பழகித்தான் வந்திருப்பார்கள். அந்தத் துண்டுகள் எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. அடுத்த முறை மேசை டிராயரை இழுக்கும்போது அந்த மூலையை ஒரு நிமிஷம் பாருங்கள். ஆணி இல்லாமல் பிடித்துக்கொண்டிருப்பது மரம் மட்டுமல்ல.